இலை தாங்கும் வரை

முதலில் பாதத்தைத்தான் பார்த்தேன். பறவை அப்புறம்தான் கண்ணில் பட்டது.

பைனாகுலர் முழுக்க ஓர் அல்லி இலை. அதன் விளிம்பில் நீண்ட விரல்கள் வந்து, குடைக்கம்பிகளைப் போல ஒவ்வொன்றாக விரிந்து படிந்தன. இலை மெல்லத் தாழ்ந்தது. ஒரு பக்கத்து விளிம்பைத் தாண்டி நீர் கண்ணாடித் தகடு போல உள்ளே வழுக்கி வந்தது. நீர் விரலைத் தொட்ட அந்தக் கணத்தில் அடுத்த கால் அடுத்த இலையில் இருந்தது. விடுபட்ட இலை மேலே எழும்பி, ஏறிய நீரை உருட்டி வழியவிட்டுப் பழையபடி கிடந்தது. அப்போதுதான் பைனாகுலரை உயர்த்தி, இந்தக் காலுக்கு உரியவர் யார் என்று பார்த்தேன். கரும்பச்சை மினுங்கும் தலையும் கழுத்தும், கண்ணுக்குப் பின்னால் பட்டையாக ஒரு வெள்ளைப் புருவம், வெண்கல நிறத்தில் முதுகு, செம்பழுப்பில் குட்டை வால். தாமரை இலைக்கோழி.

ஒன்றிலும் ஒட்டாமல் இருப்பதைத் தாமரை இலைத் தண்ணீர் என்போம். இந்தப் பறவைக்கோ அந்த இலையை விட்டால் வேறு கதியில்லை. இரை தேடுவது, இணை சேர்வது, முட்டையிடுவது, அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அதன் மேல்தான். இலைக்கோழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் காலைச் சொல்லி வியப்பார்கள். அல்லது அதன் குடும்ப ஏற்பாட்டைச் சொல்லி வியப்பார்கள். பல பருவங்கள் பார்த்த பிறகு எனக்கு அதன் தரைதான் பெரிய விஷயமாகப் படுகிறது. மிதக்கிற, அழுகுகிற, காற்றில் நகர்கிற, ஒரு மழையில் முழுகிவிடுகிற தரை. அதைப் புரிந்துகொண்டால் காலும் குடும்பமும் தாமாகவே விளங்கிவிடும்.

பெயரில் கோழி இருந்தாலும் இது கோழி வகையே இல்லை. ஆட்காட்டியும் உள்ளானும் அடங்கிய கரையோரப் பறவைகளின் வரிசையைச் சேர்ந்தது. மிக நெருங்கிய உறவு மயில் உள்ளான். உலகில் மொத்தம் 8 வகை இலைக்கோழிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் இரண்டு, மடகாஸ்கரில் ஒன்று, அமெரிக்கக் கண்டங்களில் இரண்டு, ஆசியாவில் தாமரை இலைக்கோழியும் நீளவால் இலைக்கோழியும், ஆஸ்திரேலியாவிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் கொண்டையுள்ள ஒன்று. வெப்ப நாடுகளில் எங்கெல்லாம் நன்னீரில் இலை மிதக்கிறதோ அங்கெல்லாம் இவற்றில் ஒன்று நடந்துகொண்டிருக்கும். நீரின் மேல் நடப்பதாகத் தோன்றுவதால் சில நாடுகளில் இதற்கு ஏசுவின் பெயரையே வைத்து அழைக்கிறார்கள். அப்படி அழைத்தவர்கள் தொலைவில் இருந்து பார்த்திருக்க வேண்டும். அருகில் இருந்து பார்த்தால் அற்புதத்தைவிடக் கவனம்தான் தெரிகிறது. ஒவ்வோர் அடியிலும் அது எடையைப் பங்கு போடுகிறது.

ஆண் ஏறத்தாழ 150 கிராம். அந்த எடை ஓர் இலையின் ஒரே புள்ளியில் இறங்கினால் இலை மடிந்து உள்ளே போய்விடும். நீண்ட விரல்களும் நேரான நீண்ட நகங்களும் அதைப் பரந்த வட்டத்தில் பரப்பிவிடுகின்றன. பின்விரலின் நகம் விரலையே விஞ்சும் நீளம். இலை சிறிதாக இருந்தால் விரல்கள் பக்கத்துத் தண்டையும் பாசியையும் சேர்த்துப் பிடிக்கும். காலைத் தூக்கும்போது விரல்கள் கொத்தாகக் கூம்பி மேலே வரும். இறக்கும்போது மறுபடி விரியும். நாற்பது அடி தொலைவில் இருந்து ஒரு காலை நேரம் முழுக்க இதை மட்டுமே பார்த்திருக்கிறேன். சலிக்கவில்லை.

கால் இலையைச் சமாளித்துவிடும், ஏனென்றால் கால் நகரும். முட்டை நகராது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கூடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஈரமான தண்டுகளையும் கொடிகளையும் இழுத்துப் போட்ட ஒரு சிறு மேடு. சில சமயம் அதுவும் இல்லாமல் இலையின் மேலேயே முட்டை. ஓர் ஈடுக்கு, அதாவது ஒரு தடவை இடுவதற்கு, நான்கு. ஆண் எழுந்து நின்ற ஒரு வேளையில் அந்த நான்கையும் பார்க்கக் கொடுத்துவைத்தது. எண்ணெய் தேய்த்த மரம் போன்ற பளபளப்பான பழுப்பு. அதன் மேல், பேனா கிடைத்த குழந்தை கிறுக்கியது போல அடர்ந்த கருங்கோடுகள். கண்ணை ஒரு முறை சிமிட்டிவிட்டுத் தேடினால் கிடைக்கவில்லை. அழுகிய தண்டுகளும் அவற்றின் நிழல்களும் அப்படியே அந்த ஓட்டின் மேல் ஏறியிருந்தன. நீளவால் இலைக்கோழியின் முட்டையில் கிறுக்கல் இருக்காது. ஒரே சீரான வெண்கலப் பழுப்பு, ஒரு முனை கூர்ந்து பம்பரம் போல இருக்கும்.

அடைகாப்பதும் வேறு மாதிரி. கூட்டின் அடி எப்போதும் ஈரம் என்பதால் வயிற்றால் மேலிருந்து மூடுவது மட்டும் போதாது. ஆண் இலைக்கோழி இறக்கைகளை உடலுக்கும் முட்டைக்கும் அடியில் செருகி, முட்டைகளை இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்கிப் பிடித்தபடி உட்காரும். ஏறக்குறைய நான்கு வாரம் இந்த இருப்பு. நடுவில் இரைக்குப் போகும், வரும், மறுபடி இறக்கையைச் செருகும்.

நீர் ஏறினால் என்ன செய்வது? அல்லியும் தாமரையும் நீர் உயர உயரத் தண்டை நீட்டிக்கொள்ளும். இலை மேலேயே இருக்கும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். ஒரே இரவில் இரண்டு முழம் ஏறினால் தண்டு தோற்றுவிடும், இலை அடியில் போய்விடும். நீளவால் இலைக்கோழியின் ஆண், முட்டையைத் தாடைக்கும் மார்புக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து, இலை மேலும் நீர் மேலும் இழுத்து வேறு மேட்டுக்குக் கொண்டுபோவது பதிவாகியிருக்கிறது. நான்கையும் ஒவ்வொன்றாக. இது எல்லா நேரமும் கைகூடுவதில்லை. நான் பார்த்த அந்தக் கூடு எட்டாவது நாள் பெய்த மழையில் போனது. காலையில் போனபோது கூடு இருந்த இடத்தில் தெளிந்த நீரும், அதன் நடுவில் கூட்டுக்கு நான் அடையாளமாக வைத்திருந்த ஒரு நாணல் நுனியும்தான் இருந்தன. ஆண் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

ஐந்தாறு நாள் கழித்துப் பக்கத்திலேயே வேறொரு மேட்டில் அது மறுபடி உட்கார்ந்திருந்தது. அதன் கீழே நான்கு புதிய முட்டைகள்.

அவற்றை இட்டவளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். இலைக்கோழிகளில் பெண்தான் பெரியது. தாமரை இலைக்கோழிப் பெண் ஆணைவிட ஏறத்தாழ 60 சதவீதம் எடை கூடியது. ஒரு பரந்த எல்லையை அது காவல் காக்கும். அதற்குள் ஒன்று முதல் நான்கு ஆண்கள் வரை தனித்தனிப் பகுதி பிடித்து வாழும். ஒவ்வோர் ஆணுக்கும் பெண் முட்டையிட்டுக் கொடுக்கும். அடைகாப்பதும் வளர்ப்பதும் ஆணின் வேலை. வட அமெரிக்க இலைக்கோழியில் இந்த ஏற்பாட்டை, கோஸ்டாரிகாவில் பறவைகளுக்கு அடையாளம் இட்டுக் கவனித்த டொனால்ட் ஜென்னியும் ஜெரால்ட் கோலியரும் 1972இல் விரிவாக எழுதினார்கள். 8 வகைகளில் ஆப்பிரிக்காவின் சிற்றிலைக்கோழி மட்டும் இணையாக வாழ்ந்து இருவரும் சேர்ந்து வளர்க்கிறது.

இதைக் கேட்டதும் "முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிற தாய்" என்று சொல்கிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. இந்தத் தரையில் கூடு அழிவது விதி, பிழைப்பது விலக்கு. மழை கொண்டுபோகாததைத் தாழைக்கோழியும் பாம்பும் கொண்டுபோகும். அப்படிப்பட்ட இடத்தில் யாராவது ஒருவர் சளைக்காமல் முட்டை தந்துகொண்டே இருந்தால்தான் இனம் நிற்கும். நீளவால் இலைக்கோழிப் பெண் ஒரே பருவத்தில் ஏழு முதல் பத்து ஈடு வரை இடுவது தெரிய வந்திருக்கிறது. அடைகாத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. தின்று, உடம்பைத் தேற்றி, எல்லையைக் காத்து, கூடு இழந்த ஆணிடம் நான்கு முட்டையோடு திரும்பி வருகிறவளைப் பொறுப்பில்லாதவள் என்று எப்படிச் சொல்வது? குஞ்சுகளை நோக்கிப் பருந்தோ தாழைக்கோழியோ வந்தால், ஆண் கூப்பிட்ட குரலுக்கு அவள் பறந்து வந்து விரட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

கூப்பிடுவது பற்றி ஓர் அருமையான ஆய்வு இருக்கிறது. அது நடந்தது குமரி மாவட்டத்து வேம்பனூர் ஏரியில். ஸ்டூவர்ட் புட்சார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் அங்கே தாமரை இலைக்கோழிகளைக் கவனித்து 1999இல் வெளியிட்டார்கள். ஒரே பெண்ணைச் சார்ந்திருக்கும் ஆண்கள் ஒன்றோடொன்று போட்டி போடுவது குரலால். பெண் தொலைவில், வேறோர் ஆணின் பகுதியில் இருக்கும்போது ஆண் கூடுதலாகக் கத்தும். அந்தக் கத்தல் அவளைத் தன் பக்கம் வரவழைக்கும். அதைப் படித்த பிறகு, குளத்தில் எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டுக்கொண்டிருந்தது வேறாகக் கேட்கத் தொடங்கியது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எந்தப் பக்கம் அவள் தலை திரும்புகிறது என்று பார்ப்பேன். அந்த ஏரி 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தியைப் படித்த நாளில், தெரிந்த குடும்பத்துக்கு நல்லது நடந்தது போல மகிழ்ந்தேன்.

மனம் ஒப்பாத ஒரு பக்கமும் உண்டு. பனாமாவில் ஸ்டீபன் எம்லனின் குழு செய்த ஆய்வு 1989இல் வெளியானது. ஓர் எல்லையின் பெண் இல்லாமல் போனால், அந்த இடத்தைப் பிடிக்க வரும் புதிய பெண் அங்குள்ள குஞ்சுகளைக் கொல்கிறது, அல்லது துரத்திவிடுகிறது. குஞ்சில்லாத ஆண் மறுபடி அடைகாக்கத் தயார். வந்தவளுக்கு அதுதான் வேண்டும். ஆண் தன்னைவிடப் பெரிய அந்தப் பெண்ணுக்கு எதிரே குஞ்சுகளை மறைத்து நின்று போராடும், பெரும்பாலும் தோற்கும். இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. இதையும் அந்தத் தரையோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது: நல்ல இலைப்பரப்பு கொஞ்சம், அதை வேண்டுவோர் அதிகம்.

தந்தைக்கு இயற்கை கொடுத்த ஒரு துணைக்கருவியும் இருக்கிறது. தாமரை இலைக்கோழியிலும், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியாவின் பெரிய வகைகளிலும் இறக்கையின் ஆரை எலும்பு மற்றப் பறவைகளுக்கு இருப்பது போல உருண்டையாக இல்லாமல் கத்தி அலகு போலத் தட்டையாக அகன்றிருக்கும். முட்டையையும் குஞ்சையும் இடுக்கிப் பிடிக்க உதவுகிறது என்பார்கள்; சண்டைக்கு என்பாரும் உண்டு. நீளவால் இலைக்கோழிக்கும் அமெரிக்க வகைகளுக்கும் அதற்குப் பதிலாக இறக்கை மடிப்பில் கூரிய முள் இருக்கிறது. எனக்கு இடுக்கிப் பிடிக்கும் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது ஈடு பொரிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கரையில் மண்வாரி இயந்திரம் நின்றது. குளத்தைத் தூய்மை செய்கிறார்கள் என்றார்கள். வெங்காயத்தாமரை ஒரு மூலையில் மண்டிக் கிடந்தது உண்மைதான். அதை எடுக்க வேண்டும் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழுக் குளத்தையும் மூடிவிட்டால் ஒளி கீழே இறங்காது, அல்லி சாகும், நீரின் மூச்சு அடைபடும். இலைக்கோழி அதன் மேலும் நடக்கும்தான். ஆனால் நடக்க முடிவது வேறு, வாழ முடிவது வேறு. ஆனால் இயந்திரத்தின் கைக்கு எது வந்தேறிய களை, எது அந்தக் குளத்துக்கே உரிய ஆம்பல் என்று தெரியாது. மதியத்துக்குள் இரண்டும் ஒரே குவியலாகக் கரையில் ஏறிவிட்டன. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கூடு இருக்கிறது என்றேன். "இந்தப் பாசியிலா, ஐயா? மரத்தில் அல்லவா கட்டும்?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மழைக்காலத்தில் இந்த வேலையைச் செய்யலாமா என்று யாரிடமும் கேட்காமல் நாள் குறித்தவர்கள் மேல் வந்தது, இன்றும் இருக்கிறது.

குவியலில் தேடினேன். கொடிகளுக்கு நடுவே ஓர் ஓட்டின் பாதி கிடைத்தது. உள்பக்கம் வெளிறியிருந்தது, வெளியே அந்தக் கருங்கோடுகள். கையில் எடுத்து நனைத்துப் பார்த்தேன். நீர் ஒட்டாமல் வழிந்தது. இலை போலவே. குளம் இப்போது புகைப்படத்துக்கு அழகாக இருந்தது. வானம் அப்படியே தெரிந்தது. ஆண் கரையோரச் சேற்றில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெரிய பாதங்கள் அங்கே எதற்கும் உதவாமல், ஒன்றின் மேல் ஒன்று தடுக்கின.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குத் தைவான் இருக்கிறது. அங்கே நீளவால் இலைக்கோழி ஒரு கட்டத்தில் ஐம்பதுக்கும் கீழே போய்விட்டது. கொம்பு முளைத்தது போன்ற காய் தரும் ஒரு மிதக்கும் கொடியைத் தைனான் பகுதி உழவர்கள் நீர்வயல்களில் பயிரிடுகிறார்கள். மிஞ்சிய பறவைகள் அந்த வயல்களில்தான் வாழ்ந்தன. அதிவேக ரயில் பாதை அவற்றின் இடத்துக்குக் குறுக்கே வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டளவில் அதே பகுதியின் குவான்தியனில் மாற்றாக ஒரு ஈரநிலம் உருவாக்கப்பட்டது. தம் வயலில் கூடு இருந்தால் அதைக் காக்கும் உழவருக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பறவை பெரிதாக எதையும் கேட்கவில்லை. மிதக்கிற இலை, நஞ்சில்லாத நீர், முட்டை பொரிக்கும் வரை நான்கு வாரம் தொந்தரவு இல்லாமல் இருத்தல். ஒரு குளத்தைத் தூர் வாரும்போது வெங்காயத்தாமரையை மட்டும் பொறுக்கி எடுத்து, ஆம்பலை விட்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்துவிடாமல் பகுதி பகுதியாக, கோடையில் செய்தால் போதும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

எகிப்தில் நைல் நதிக்கு மேற்கே ஃபையூம் பாலைவனத்தில், 3 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் இருந்து இலைக்கோழிகளின் கால் எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். மணலும் கல்லும் மட்டுமே இருக்கும் அந்த இடம் அப்போது சதுப்பு நிலம். இன்றுள்ளவற்றைவிடப் பெரிய இனமும் அங்கே இருந்தது. அந்தக் கால் எலும்பை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது பறவை இல்லை. அது மிதித்து நடந்த, இப்போது அச்சுக்கூட மிஞ்சாத இலைகள்தான்.

எங்கள் குளத்தின் கிழக்கு மூலையில் நீர் ஆழம் குறைவு. இயந்திரம் அங்கே இறங்கவில்லை. ஓர் அறை அகலத்துக்கு ஆம்பல் தப்பியிருந்தது. அடுத்த பருவம் அங்கே ஓர் ஆண் உட்கார்ந்தது. அதே ஆணா என்று அறிய வழியில்லை. இந்த முறை மழை மெதுவாகப் பெய்தது, தண்டுகள் ஈடுகொடுத்தன. குஞ்சுகள் வெளிவந்த மறுநாள் போனேன். கட்டைவிரல் அளவு உடம்பு. கால்கள் மட்டும் முழு இலைக்கோழிக்கு உரியவை போல. பிறந்து ஒரு நாள்கூட முழுமையாக ஆகாதவை தாமாகவே இலை மேல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன.

திடீரென்று ஆண் ஒரு சிறு ஒலி எழுப்பியது. மேலே ஏதோ நிழல். குஞ்சுகள் மறைந்தன. ஆண் இலை மேல் முழங்கால் மடித்துத் தாழ்ந்து, இறக்கைகளைச் சற்றே விலக்கிக் காத்திருந்தது. ஒன்று ஓடிவந்து இடப்பக்கம் நுழைந்தது. பிறகு வலப்பக்கம் ஒன்று. இன்னொன்று. இறக்கையை இறுக்கிக்கொண்டு எழுந்தது. அதன் விலாவில் இருந்து நீண்ட கால்கள் தொங்கின. ஆறு எண்ணினேன். எட்டு இருக்க வேண்டும்.

அது நகரவில்லை. மறுபடி அந்த ஒலியை எழுப்பியது. பைனாகுலரை இலை இலையாக நகர்த்தினேன். இரண்டு இலைகளுக்கு நடுவே, ஒரு தண்டை ஒட்டி, நீருக்கு மேலே அலகின் நுனி மட்டும் தெரிந்தது. உடம்பு முழுவதும் நீருக்குள், அசைவே இல்லை. இலைக்கோழிக் குஞ்சுகள் ஒளிந்துகொள்வது இப்படித்தான். மூன்றாவது முறை அழைத்தபோது அது மேலே வந்தது, இலையின் விளிம்பில் தொற்றி ஏறியது, ஓடியது. ஆண் தாழ்ந்தது, இடப்பக்க இறக்கையைத் திறந்தது, மூடியது, எழுந்தது.

எட்டு. இலை கொஞ்சம் ஆழமாகத் தாழ்ந்து, விளிம்பில் நீர் ஏறத் தொடங்கியது. அதற்குள் அது அடுத்த இலையில் காலை வைத்திருந்தது.